கலைஞர்கள் தங்கள் சொந்தக் கதையை இட்டுக்கட்டலாமா?

கேள்வி: வாசகர் ஒருவர், 2025 ஜூன் 2

அமெரிக்க மேடைக் காமெடியன் ஹசன் மின்ஹாஜ், தனக்கு நடந்தது என்று சொன்ன கதைகளில் சில இட்டுக்கட்டியவை என்ற விவகாரத்தை இப்போதுதான் படித்தேன். இதில் என்ன தப்பு என்றே புரியவில்லை. மேடையில் ஒருத்தர் "எனக்கு நடந்தது" என்று சொன்னால் அது நடந்தே இருக்க வேண்டுமா? வில்லுப்பாட்டுக்காரரிடம் யாராவது சாட்சி கேட்டோமா? கதை சொல்கிறவர் கதை சொல்கிறார். பிடித்தால் கேட்போம், இல்லையென்றால் எழுந்து போவோம். இதில் தர்ம நியாயம் எங்கே வந்தது?

ஜூன் 2, இரவு 10.40

வில்லுப்பாட்டுக்காரர் சுடலைமாடன் கதையைப் பாடுகிறார். "நான்தான் சுடலைமாடன்" என்று சொல்வதில்லை. வித்தியாசம் அங்கேயே இருக்கிறது.

மின்ஹாஜ் சொன்ன கதைகளை முதலில் பார்ப்போம். 2002இல் கலிபோர்னியாவின் சேக்ரமென்டோ பக்கம் தன் குடும்பம் தொழப்போகும் பள்ளிவாசலுக்கு எஃப்.பி.ஐ. உளவாளி ஒருவன் மதம் மாறியவன்போல வந்தான் என்றார். சிறுவனாக இருந்த தான் அவனைச் சீண்டப்போய், போலீஸ் வந்து தன்னைக் கார் மேல் அழுத்திப் பிடித்தது என்றார். வீட்டுக்கு வந்த கடிதத்திலிருந்து வெள்ளைப் பொடி கொட்டி, கைக்குழந்தையை மருத்துவமனைக்குத் தூக்கிக்கொண்டு ஓடினேன் என்றார். 2023 செப்டம்பரில் நியூயார்க்கர் இதழ் விசாரித்தபோது, குழந்தையை மருத்துவமனைக்குக் கொண்டுபோகவில்லை என்று அவரே ஒப்புக்கொண்டார். அந்த உளவாளி நிஜ மனிதர், ஆனால் 2002இல் அவர் சிறையில் இருந்தார். எஃப்.பி.ஐ.க்கு வேலை பார்த்தது 2006இலிருந்து, தெற்குக் கலிபோர்னியாவில். மின்ஹாஜ் இதற்கெல்லாம் வைத்த பெயர் "உணர்வுபூர்வமான உண்மை". எழுபது பங்கு அது, முப்பது பங்கு புனைவு என்று கணக்கும் சொன்னார்.

எனக்கு வயிற்றைப் பிசைந்தது வேறொரு விஷயம். தெற்குக் கலிபோர்னியாவின் ஆரஞ்சு கவுன்ட்டி பள்ளிவாசல்களில் அந்த உளவாளியிடம் உண்மையிலேயே மாட்டிக்கொண்ட முஸ்லிம்கள் இருக்கிறார்கள். 2011இல் வழக்குப் போட்டார்கள். அது உச்ச நீதிமன்றம் வரை போய் 2022இல் ஒரு தீர்ப்பும் வந்தது. பதினோரு வருடம் கோர்ட்டு வாசலில் நின்றவர்களின் கதையை இவர் எடுத்துத் தன் சட்டைப்பையில் போட்டுக்கொண்டார். இனி அவர்கள் வாயைத் திறந்தாலும் "இதுவும் அந்த காமெடியன் கதை மாதிரிதானே" என்று யாராவது கேட்பான்.

எழுந்து போகலாம் என்கிறீர்கள். எழுந்து போக, அது பொய் என்று எனக்கு முதலில் தெரிய வேண்டாமா?

ஜூன் 3, காலை 7.15

ராத்திரி தூங்கும்போது கோர்லா பண்டிட் ஞாபகம் வந்தார். நேற்று எழுதியதை அவரை வைத்துச் சோதித்தால் நிற்குமா என்று தெரியவில்லை.

1949இல் லாஸ் ஏஞ்சல்ஸ் கே.டி.எல்.ஏ. தொலைக்காட்சியில் தினம் பதினைந்து நிமிடம் ஒரு நிகழ்ச்சி. ரத்தினக் கல் பதித்த தலைப்பாகை, பெரிய கண்கள், கேமராவையே பார்த்துக்கொண்டு ஹாமண்ட் ஆர்கன் என்ற மின்சார இசைக்கருவியை வாசிக்கும் ஒரு இளைஞர். சுமார் 900 நிகழ்ச்சிகளில் ஒரு வார்த்தைகூடப் பேசவில்லை. இல்லத்தரசிகள் கிறங்கிப்போய்ப் பார்த்தார்கள். புது தில்லியில் பிராமணத் தந்தைக்கும் பிரெஞ்சுப் பாடகிக்கும் பிறந்தவர் என்றுதான் அவரைப் பற்றிச் சொல்லப்பட்டது.

1998இல் இறந்தார். 2001இல் லாஸ் ஏஞ்சல்ஸ் பத்திரிகை ஒன்றில் கட்டுரை வந்தது. அவர் இந்தியரே இல்லை. பெயர் ஜான் ரோலண்ட் ரெட். மிசௌரி மாநிலம் கொலம்பியாவில் பிறந்த கறுப்பினத்தவர், அப்பா பாப்டிஸ்ட் போதகர். ஐம்பது வருடம் ஒரு மனிதர் வேறொருவராகவே வாழ்ந்து முடித்திருக்கிறார்.

இவரை என்னால் கண்டிக்க முடியவில்லை. அன்றைய லாஸ் ஏஞ்சல்ஸில் இசைக்கலைஞர் சங்கமே இரண்டு. வெள்ளையருக்கு லோக்கல் 47, கறுப்பருக்கு லோக்கல் 767. நல்ல சம்பளமுள்ள ஸ்டுடியோ வேலைகள் முதலாவதன் கையில். இரண்டும் ஒன்றானது 1953இல்தான். அதனால் முதலில் ஹுவான் ரொலாண்டோ என்று மெக்சிகோக்காரர் ஆனார். அப்புறம் இந்தியர். 1944இல் ஒரு வெள்ளைக்காரப் பெண்ணை மணந்தார், கலிபோர்னியாவில் அந்தக் கல்யாணத்துக்கு 1948 வரை சட்டத்தில் இடமில்லை. வேலை, கல்யாணம் இரண்டுக்கும் கதவைச் சாத்தி வைத்திருந்த ஊர் அது. அவர் சன்னல் வழியாக ஏறிக் குதித்தார். ஏறிக் குதித்தவரைப் பிடித்து "ஏன் வாசல் வழியாக வரவில்லை" என்று கேட்க எனக்கு மனசு வரவில்லை.

ஜூன் 3, காலை 9.02

திருத்தம். பிறந்தது செயின்ட் லூயிஸ், 1921. கொலம்பியா அவர் வளர்ந்த ஊர். அவசரத்தில் எழுதிவிட்டேன்.

ஜூன் 3, மாலை 6.30

தலைப்பாகையைப் பற்றி ஒருவர் கேட்டிருந்தார்: தில்லிப் பிராமணர் வீட்டுப் பிள்ளை எதற்கு மகாராஜா தலைப்பாகை கட்டுகிறார், யாருக்கும் சந்தேகம் வரவில்லையா என்று. வரவில்லை. பார்த்தவர்களில் எத்தனை பேர் இந்தியாவைக் கண்டார்கள்? அவர்கள் மனசில் இருந்த இந்தியாவில் எல்லோரும் தலைப்பாகை கட்டியிருந்தார்கள்.

இதற்கு ஒரு துணைக்கதை உண்டு, மனசை விட்டு அகலாதது. ஜெஸ்ஸி ரூட்டே என்று நியூயார்க்கில் ஒரு கறுப்பின லூத்தரன் போதகர். 1943இல் அலபாமாவின் மொபைல் நகரத்துக்குப் போய் அவமானப்பட்டுத் திரும்பினார். 1947இல் மறுபடி போனார், இந்த முறை தலைப்பாகையும் வெல்வெட் அங்கியும் அணிந்து. அதே ஊர், அதே மனிதர். வெளிநாட்டுப் பிரமுகர் வந்தார் என்று மரியாதை செய்தார்கள். சாப்பாட்டுக் கடையில் உட்கார்ந்து, "இங்கே ஒரு நீக்ரோ சாப்பிட வந்தால் என்ன செய்வீர்கள்?" என்று பரிமாறுகிறவரிடமே கேட்டார். "அவன் எங்கே வரப்போகிறான்" என்ற மாதிரி பதில் வந்தது. திரும்பி வந்து எல்லாவற்றையும் பத்திரிகைகளுக்குச் சொன்னார்.

ரூட்டே ஊர் திரும்பியதும் தலைப்பாகையைக் கழற்றிவிட்டார். கோர்லா சாகும்வரை கழற்றவில்லை. காலையில் நான் எழுதிய "சன்னல் வழி" நியாயம் இந்த இடத்தில் கொஞ்சம் ஆட்டம் காண்கிறது. உள்ளே குதித்தவர் உள்ளேயே பூட்டிக்கொண்டார்.

ஜூன் 5, இரவு 11.50

இரண்டு நாளாக எழுதவில்லை. "கோர்லாவுக்கு மன்னிப்பு, மின்ஹாஜுக்குத் தண்டனையா, உங்கள் தராசு எங்கே வாங்கியது?" என்று ஒருவர் கேட்டிருந்தார். நியாயமான கேள்வி. அதைத்தான் மென்றுகொண்டிருந்தேன்.

கோர்லாவின் உடன்பிறந்தவர்களுக்கு எல்லாம் தெரியும். தம்பி யார் என்று தெரிந்தும் வெளியில் சொல்ல முடியாது. தொலைக்காட்சியில் தம்பி வாசிப்பதைப் பக்கத்து வீட்டுக்காரி புகழும்போது, "அது எங்கள் பிள்ளை" என்று சொல்ல முடியாமல் இருப்பதை நினைத்துப் பாருங்கள். வாழ்நாள் முழுக்க அப்படியே இருந்தார்கள். அந்தப் பொய்யைச் சொன்னவர் ஒருவர். அதைச் சுமந்தது ஒரு குடும்பம்.

பிறகு ஒன்றன்பின் ஒன்றாக எல்லாக் கதையும் அதே இடத்துக்கே வந்து நிற்கிறது.

பாப் டிலன். நியூயார்க்குக்கு வந்த புதிதில், ஊர் ஊராக வித்தை காட்டும் கூட்டத்தோடு சுற்றினேன் என்றெல்லாம் அளந்தார். பெற்றோரோடு வருடக்கணக்காகத் தொடர்பே இல்லை என்றார். 1963 நவம்பரில் நியூஸ்வீக் போட்டு உடைத்தது: மின்னசோட்டா ஹிப்பிங்கில் கடை வைத்திருந்த ஜிம்மர்மன் குடும்பத்துப் பிள்ளை, அந்த அக்டோபரில் கார்னகி ஹாலில் அவர் பாடியதைக் கேட்க அப்பாவும் அம்மாவும் நியூயார்க் வந்திருந்தார்கள் என்று. நான் டிலனின் பாட்டுகளோடு வளர்ந்தவன். இத்தனை வருடம் இதை ஒரு இளவயதுக் குறும்பாகத்தான் எடுத்துக்கொண்டேன். இப்போது அந்தப் பெற்றோர் உட்கார்ந்திருந்த இருக்கைகள்தான் கண்ணில் நிற்கின்றன.

மெர்ல் ஓபரான். 1935ஆம் ஆண்டுப் படம் ஒன்றுக்காகச் சிறந்த நடிகை ஆஸ்கருக்குப் பரிந்துரைக்கப்பட்டவர். டாஸ்மேனியாவில் பிறந்தவள் என்று சொல்லிக்கொண்டார். பிறந்தது பம்பாய், 1911. வளர்ந்தது கல்கத்தா. அம்மா ஷார்லட்டின் பூர்வீகம் இலங்கை. அந்த அம்மாவை வீட்டுக்கு வந்தவர்களிடம் வேலைக்காரி என்று அறிமுகம் செய்தார் என்று அவரைப் பற்றி எழுதியவர்கள் சொல்கிறார்கள். ஹாலிவுட்டில் அப்போது இன வித்தியாசம் பார்க்கும் தணிக்கை விதி இருந்தது, அம்மா யார் என்று சொல்லியிருந்தால் கதாநாயகி ஆகியிருக்க முடியாது. எல்லாம் புரிகிறது. இருந்தாலும் தேநீர்த் தட்டை எடுத்து வரும் அந்த அம்மாவை என்னால் தாண்டிப் போக முடியவில்லை. இன்னொன்றும் உண்டு. ஷார்லட் உண்மையில் பாட்டி. மெர்லைப் பெற்றவர் ஷார்லட்டின் மகள், அவரை அக்கா என்று சொல்லித்தான் மெர்லை வளர்த்தார்கள். ஊருக்கே பொய்யான பிறப்பைச் சொன்னவருக்கு, சொந்த வீட்டில் முதலில் அப்படி ஒன்று சொல்லப்பட்டிருந்தது. 1978இல், இறப்பதற்கு முந்தைய வருடம், ஹோபார்ட் நகரத்தில் "மண்ணின் மகள்" என்று வரவேற்புக் கொடுத்தார்கள். மேடையில் என்ன தவிப்பு தவித்திருப்பார்.

தராசு எங்கே வாங்கியது என்று கேட்டவருக்கு: இப்போதைக்கு என்னிடம் இருப்பது ஒரு கேள்விதான். இல்லாத ஒரு கடந்த காலத்தைக் கட்ட, இருக்கிற யாரை இடிக்க வேண்டியிருந்தது?

ஜூன் 6, காலை 8.20

மின்ஹாஜ் பற்றி முதல் குறிப்பில் ஒருபக்கமாக எழுதிவிட்டேன். 2023 அக்டோபரில் அவர் வெளியிட்ட இருபத்தொரு நிமிடப் பதில் வீடியோவை நேற்று முழுதாகப் பார்த்தேன். பள்ளி நடன விழாவுக்குத் தன்னோடு வருவதாக இருந்த பெண்ணின் வீட்டில், தன் நிறத்தைக் காரணம் காட்டி மறுத்தது நடந்ததுதான் என்கிறார். ஆனால் மேடையில் சொன்னபடி விழா அன்று, அவள் வீட்டு வாசலில், தான் கோட்டு சூட்டோடு நிற்கும்போது நடந்ததில்லை, சில நாள் முன்பே நடந்தது. தான் சொன்ன பதிலில் பாதியைப் பத்திரிகை விட்டுவிட்டது என்றும் காட்டுகிறார். பத்திரிகை தன் கட்டுரையில் உறுதியாக நின்றது. இரண்டு பக்கமும் சொல்லாமல் விட்டது என் தவறு.

ஆனால் அந்தப் பெண் இருக்கிறாளே. அவளும் அவள் குடும்பமும் வருடக்கணக்கில் இணையத்தில் மிரட்டல் வாங்கியதாகச் சொன்னாள். வாசல் காட்சி இல்லாமல் கதை இருந்தால் கைதட்டல் கொஞ்சம் குறைந்திருக்கும். வாசல் காட்சி வந்ததும் ஒரு குடும்பம் வில்லன் ஆனது. அந்தக் குடும்பத்துக்கு மைக் கிடையாது.

ஜூன் 8, இரவு 1.10

இதை எழுதாமல் இந்த இழையில் மேற்கொண்டு எழுத எனக்கு யோக்கியதை இல்லை.

2011இல் சென்னையில் ஒரு தொலைக்காட்சியின் பாட்டுப் போட்டியில் அசிஸ்டன்டாக இருந்தேன். என் வேலை போட்டியாளர்களின் ஏ.வி. எழுதுவது. பாடுவதற்கு முன்னால் ஒன்றரை நிமிடம் ஓடுமே, வீடு, தெரு, அம்மா அழுவது, அதுதான். பாட்டுக்கு மார்க், ஏ.வி.க்கு ஓட்டு என்று எங்களுக்குள் சொல்லிக்கொள்வோம்.

கும்பகோணம் பக்கத்திலிருந்து ஒரு பையன், பத்தொன்பது வயது. அப்பா லோடு ஆட்டோ ஓட்டுபவர். பையனுக்குக் குரல் அப்படி ஒரு குரல். வீட்டில் பிரச்சினை எதுவும் இல்லை. அப்பா தன் மோதிரத்தை அடகு வைத்து கீபோர்டு வாங்கிக் கொடுத்தவர். மோதிரக் கதையையே எழுதிக் கொடுத்தேன். மேலே இருந்தவர், "எல்லாப் பயலுக்கும் அப்பா அடகுதான் வெச்சிருக்கான், வேற சொல்லு" என்றார். அரை மணி நேரத்தில் வேறு எழுதினேன். பாட்டு சோறு போடுமா என்று அப்பா அடித்தார், கீபோர்டைத் தரையில் போட்டு உடைத்தார், பையன் ஒளிந்து ஒளிந்து பாடப் பழகினான். உடைந்த கீபோர்டு ஒன்றைப் பழைய சாமான் கடையில் வாங்கி ஷூட் செய்தோம். வாங்கி வந்தவன் நான்.

பையன் என்னைத் தனியாகக் கூப்பிட்டான். "அண்ணே, எங்கப்பா அப்படி இல்லண்ணே."

"தெரியும் தம்பி. ஓட்டு விழணும்ல. ஜெயிச்சிட்டு அப்பாகிட்ட சொல்லிக்கலாம்."

ஒளிபரப்பான மறுநாளே ஓட்டு எகிறியது. அதோடு நிறுத்தியிருந்தால்கூடப் பரவாயில்லை. குடும்பச் சுற்று வந்தது. அப்பாவை வரவழைத்து, மேடையில் மகனிடம் மன்னிப்புக் கேட்கும் காட்சி. அதையும் நான்தான் எழுதினேன். இஸ்திரி மடிப்பு கலையாத புதுச் சட்டையோடு வந்தார். ஒப்பனை அறையில் உட்காரவைத்துச் சொல்லிக் கொடுத்தேன். எல்லாவற்றையும் பொறுமையாகக் கேட்டுவிட்டு ஒன்றே ஒன்று கேட்டார்.

"கீபோர்டை நான் எப்ப சார் உடைச்சேன்?"

என்ன பதில் சொன்னேன் என்று ஞாபகம் இல்லை. புள்ளைக்கு நல்லது சார் என்கிற மாதிரி எதுவோ சொல்லியிருப்பேன். அவர் மேடை ஏறினார். செய்யாத குற்றத்துக்கு, பெற்ற மகன் முன்னால் கை கூப்பினார். அரங்கமே அழுதது. பையன் அழுதது மட்டும் நடிப்பில்லை என்று எனக்குத் தெரியும். கேமராவுக்குப் பின்னால் ஒரு பலகையைப் பிடித்துக்கொண்டு நின்றேன், அவர் அடுத்துச் சொல்ல வேண்டிய வரி அதில் எழுதியிருந்தது.

இரண்டு வாரத்தில் பையன் எலிமினேட் ஆனான்.

ஜூன் 8, மாலை 4.00

"எல்லா சேனலும் செய்வதுதான், உங்களை நீங்களே வருத்திக்கொள்ளாதீர்கள்" என்று எழுதியவர்களுக்கு நன்றி. ஆனால் எல்லோரும் செய்தார்கள் என்பதால் அந்த மனிதர் கை கூப்பியது இல்லாமல் போய்விடாது.

இன்னொருவர் நடிகர் அயர்ன் ஐஸ் கோடியை இழுத்திருந்தார். 1971 விளம்பரத்தில் குப்பையைப் பார்த்துக் கண்ணீர் விடும் அமெரிக்கப் பூர்வகுடியாக வந்தவர், லூசியானாவில் இத்தாலியப் பெற்றோருக்குப் பிறந்த எஸ்பரா டி கார்ட்டி. 1996இல் செய்தித்தாள் அம்பலப்படுத்திய பிறகும் ஒப்புக்கொள்ளாமலே 1999இல் இறந்தார். அதேபோல, கனடாவின் பூர்வகுடியில் பிறந்தவள் என்று சொல்லிவந்த பாடகி பஃபி செயின்ட்-மேரி. 2023இல் கனடாவின் சி.பி.சி. அவர் மாசசூசெட்ஸில் பிறந்த பிறப்புச் சான்றிதழை வெளியிட்டது, 2025இல் கனடா தன் உயர் விருதைத் திரும்பப் பெற்றது. இவர்களை கோர்லாவோடு ஒரே வரிசையில் வைக்க மாட்டேன். கோர்லா மிதிபட்ட இடத்திலிருந்து தப்பி ஓடினார். இவர்களோ மிதிபட்டவர்கள் பேரில் போடப்பட்ட நாற்காலியில் போய் உட்கார்ந்தார்கள், அந்த மக்களுக்கு நல்லது செய்தார்கள் என்றாலும். பஃபியை பயாபாட் என்ற கனடியப் பூர்வகுடி இனக்குழுவில் ஒரு குடும்பம் தங்கள் மரபுப்படி தத்தெடுத்திருக்கிறது, அந்த உறவு பொய்யில்லை. அதனால்தான் அவர் விஷயத்தில் என் மனசு இன்னும் ஒரு நிலைக்கு வரவில்லை.

ஜூன் 14, இரவு 9.30

"அந்தப் பையனிடம் பேசினீர்களா?" என்று மூன்று பேர் கேட்டிருந்தீர்கள். பதினான்கு வருடம் பேசவில்லை. இன்று பேசினேன்.

பழைய நண்பர் ஒருவரிடம் நம்பர் கிடைத்தது. அவன் இப்போது பள்ளிக்கூடத்தில் பாட்டு வாத்தியார், கல்யாணமாகி ஆறு வயதில் ஒரு மகள். என் குரலைக் கேட்டதும் "சொல்லுங்கண்ணே" என்றான், நேற்றுப் பேசி வைத்த மாதிரி. மன்னிப்புக் கேட்டேன். "அதெல்லாம் விடுங்கண்ணே" என்றான். கொஞ்ச நேரம் சும்மா இருந்துவிட்டு, "அப்பா இருக்கார், பேசுறீங்களா?" என்று போனைக் கொடுத்துவிட்டான்.

நான் இதற்குத் தயாராக இல்லை. அவர் என்னை ஞாபகம் வைத்திருந்தார். லோடு ஆட்டோவை விற்றுவிட்டாராம், முழங்கால் வலியாம். நான் தடுமாறித் தடுமாறிச் சொல்ல வந்ததைச் சொன்னேன். ஸ்டாண்டில் கொஞ்ச நாள் "கீபோர்டு" என்றே கூப்பிட்டார்கள், அப்புறம் மறந்துவிட்டார்கள் என்றார். சொல்லும்போது குரலில் கோபம் இல்லை.

அந்த கீபோர்டு இன்னும் வீட்டில் இருக்கிறது. பேத்தி அதில்தான் பழகுகிறாள். போன மாசம் யாரோ யூடியூபில் அந்தப் பழைய எபிசோடைக் காட்டியிருக்கிறார்கள். பார்த்துவிட்டு நேரே அவரிடம் வந்து, "தாத்தா, ஏன் தாத்தா அப்பாவோட கீபோர்டை உடைச்சே?" என்று கேட்டிருக்கிறாள்.

"என்ன சொன்னீங்க ஐயா?" என்றேன்.

"அது வேற கீபோர்டும்மான்னு சொல்லிட்டேன் சார்."